மழை எழுப்பிய குரல்

வரலாறு என்றவுடன் நம் எண்ணத்தில் முதலில் தோன்றுவோர் முடியுடை வேந்தர்களே. அவர்கள் நடத்திய போர்களும், எழுப்பிய கோட்டைகளும், பொறித்த கல்வெட்டுகளும் ஏடுகளை நிரப்புகின்றன. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் இவற்றை ஏட்டில் மட்டுமன்றிக் கண்ணெதிரேயும் காண்கின்றனர். ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் குதுப் மினாருக்கும் செங்கோட்டைக்கும் அழைத்துச் செல்கின்றோம். ஆயினும் அக்கோட்டைகள் எழுவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பிருந்தே இம்மண்ணில் ஆண்டுதோறும் ஒரு நிகழ்ச்சி நடந்து வருகின்றது. கோடை முதிர்ந்து, நிலம் வெடித்து, வானம் கறுத்து, முதற்பெருமழை கொட்டிய இரவில் தவளைகள் மண்ணிலிருந்து எழுந்து குரல் கொடுக்கின்றன.

அந்தக் குரலை நம் முன்னோர் செவிமடுத்தனர். கேட்டதை எழுதியும் வைத்தனர். பின்னர் ஒரு காலம் வந்தது. அப்போது தவளையின் குரலைக் கேட்போரைவிட அதன் காலை நிறுப்போர் மிகுந்தனர். இன்றோ கேட்பதற்கே குரல் இல்லாத தெருக்களில் நம்மிற் பலர் குடியிருக்கின்றோம். இம்மூன்று நிலைகளையும் வரிசைப்படுத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம். தவளையின் வரலாறு என்பது மழைநீர் தேங்கும் சிறு பள்ளத்தின் வரலாறே என்பது என் கருத்து. அதற்குரிய சான்றுகளை ஒவ்வொன்றாக முன்வைக்கின்றேன்.

மழைக்கும் தவளைக்கும் உள்ள உறவு

தவளை வாயால் நீர் பருகுவதில்லை. அதன் மெல்லிய தோலே நீரை உறிஞ்சிக் கொள்கின்றது. மூச்சுக் காற்றிலும் ஒரு பகுதி அத்தோலின் வழியாகவே உட்செல்கின்றது. தோல் உலர்ந்துவிட்டால் உயிர் தங்காது. அதன் முட்டைக்குக் கோழி முட்டைக்குள்ளது போன்ற ஓடும் இல்லை; கூழ் போன்ற உறையே உண்டு. ஆகவே பெரும்பாலான தவளைகள் முட்டையிடுவதற்கு நீர்நிலை வேண்டும்.

நீர்தானே வேண்டும், ஏரியும் குளமும் போதாவோ என்று கேட்கலாம். ஏரியில் மீன் உண்டு. மீனுக்குத் தவளை முட்டையும் தலைப்பிரட்டையும் நல்ல உணவு. மழை பெய்து புதிதாகத் தேங்கிய பள்ளத்தில் மீன் இராது. எனவேதான் நம் நாட்டுத் தவளையினங்கள் பலவும் வீட்டுக் கொல்லையிலும், வரப்போரத்திலும், சாலையோரக் குழியிலும் தேங்கும் புதுநீரை நாடுகின்றன. அந்நீர் சில வாரங்களில் வற்றிவிடும். அதற்குள் முட்டை பொரிந்து, தலைப்பிரட்டை வளர்ந்து, கால் முளைத்து, வால் சுருங்கிக் கரையேறியாக வேண்டும். மழை தவறினால் ஒரு தலைமுறையே காய்ந்து மடியும். மீனுக்கு அஞ்சிக் குளத்தைத் துறந்த உயிர் வெயிலோடு போட்டியிட வேண்டியதாயிற்று.

ஆகையால் முதல் மழை பெய்த இரவிலேயே ஆண் தவளைகள் அவசரமாகக் குரலெழுப்புகின்றன. தொண்டையின் கீழுள்ள குரற்பை காற்றால் உப்பி, சிறு உடலினின்று பேரொலி பிறக்கின்றது. ஆண்டு முழுதும் சேற்று நிறத்தில் கிடந்த பெருந்தவளையின் ஆண் அந்நாளில் மஞ்சள் பூசியதுபோல் மாறுகின்றது. அதன் இரு குரற்பைகளும் நீல நிறம் கொள்கின்றன. தேரையோ நீரில் கறுப்பு மணிகளைக் கோத்த கயிறுபோல் முட்டைச் சரங்களை இடுகின்றது. மழை தவளையை எழுப்புகின்றது என்பதே இயற்கையின் முறை. தவளைதான் மழையை அழைக்கின்றது என்று மக்கள் நம்பினர். இந்த நம்பிக்கையிலிருந்து பிறந்த வழக்கங்களைப் பின்னர்க் காண்போம்.

வேதமும் சங்கமும் கேட்ட குரல்

இந்நாட்டின் மிகப் பழைய நூலாகிய இருக்கு வேதத்தின் ஏழாம் மண்டலத்தில் 103ஆம் பாடல் முழுவதும் தவளைகளைப் பற்றியதே. அம்மண்டலம் வசிட்டருக்கு உரியதாகக் கூறப்படுகின்றது. ஓராண்டு விரதம் பூண்டு பேசாதிருந்த அந்தணர் போலத் தவளைகள் கிடந்தன என்றும், மழைத் தேவன் எழுப்பியவுடன் வாய் திறந்தன என்றும் அப்பாடல் கூறுகின்றது. ஆசான் ஓத மாணவன் திருப்பிச் சொல்வதுபோல் ஒரு தவளையின் குரலை மற்றொன்று ஏற்று ஒலிப்பதையும், ஒன்று பசுவைப்போலவும் மற்றொன்று ஆட்டைப்போலவும் கத்துவதையும் அப்புலவர் கூர்ந்து நோக்கியிருக்கின்றார். இது புரோகிதரை நகையாடியது என்று மாக்ஸ் முல்லர் கருதினார். மழை வேண்டிப் பாடிய மந்திரமே என்று புளூம்ஃபீல்டு போன்றோர் மறுத்துரைத்தனர். எவர் கூற்று சரியாயினும், கேட்டவரின் செவி நுட்பமானது என்பதில் ஐயமில்லை.

தமிழ் நிலத்துக்கு வருவோம். முல்லைத் திணைக்குப் பெரும்பொழுது கார். சிறுபொழுது மாலை என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. போர்மேற் சென்ற தலைவன் கார் தொடங்குமுன் மீள்வதாகச் சொல்லிப் பிரிகின்றான். கார் வந்துவிட்டதா இல்லையா என்பதை வீட்டிலிருக்கும் தலைவி எவ்வாறு அறிவாள்? பஞ்சாங்கம் பார்த்தன்று, தேரையின் குரலைக் கேட்டு. ஐங்குறுநூற்றில் பேயனார் பாடிய முல்லைப் பகுதியில் ஒரு தலைவி, பள்ளங்கள்தோறும் தேரை ஒலிப்பதையும் மேட்டில் பறவைகள் ஆர்ப்பதையும் சுட்டி, மழையும் தன் கண்ணீரும் தொடங்கிவிட்டன, அவன் தேர் மட்டும் தன்னை நோக்கிப் புறப்படவில்லை என்று வருந்துகின்றாள். பிழைப்பு நிமித்தம் பிரிந்து வாழும் குடும்பங்களுக்கு அந்த வருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

குறுந்தொகையின் 193ஆம் பாடலில் அரிசில் கிழார் மலைச்சுனையில் வாழும் தேரையைக் காட்டுகின்றார். அகன்ற வாயையுடைய அத்தேரையின் குரல், தினைப்புனத்தில் கிளியோட்டும் தட்டை என்னும் பறையின் ஒலியை ஒத்தது என்பது அவர் கண்ட உவமை. இன்று நாம் சொரசொரப்பான தோலுடையதைத் தேரை என்றும், வழவழப்பானதைத் தவளை என்றும் பிரித்து வழங்குகின்றோம். அக்காலத்தில் நீரில் ஒலிப்பதற்கும் தேரை என்பதே பெயராக இருந்தது. மண்ணுள் புதைந்து கிடப்பதற்கு நுணல் என்று வேறொரு பெயரும் இருந்தது.

நுணலை நாம் பழமொழியால் அறிவோம். ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்பது இன்றும் வழக்கிலுள்ளது. ‘பழமொழி நானூறு’ நூலிலும் இடம்பெற்றது. மணலுள் மறைந்து கிடக்கும்வரை அதற்குத் தீங்கில்லை. குரல் கொடுத்தவுடன் பிடிப்போர் கையில் அகப்படுகின்றது. நாவடக்கத்தைப் போதிக்க எழுந்த பழமொழியாயினும், அதனுள் இயற்கை நூலார் ஒப்பும் உண்மை ஒன்று உண்டு. மண்ணைத் தோண்டிப் புதையும் தவளையினங்கள் தமிழகத்தில் உண்டு. அவை மழையில் வெளிப்போந்து குரலெழுப்புகின்றன. இப்பழமொழி நம் காலத்தில் எவ்வளவு கொடிய முறையில் மெய்யாயிற்று என்பதைச் சற்று நேரத்தில் காண்போம்.

இலக்கணமும் தவளையை விட்டுவைக்கவில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் சூத்திரங்கள் ஒன்றோடொன்று இயையும் நிலைகளைக் கூறுமிடத்துத் ‘தவளைப் பாய்த்து’ என்பதும் ஒன்று. இடையிலுள்ளதைத் தாண்டிச் சென்று அப்பாலுள்ளதோடு பொருந்துவது அது. வடமொழி இலக்கணத்தாரும் இதனை ‘மண்டூகப் பிலுதி’ என்பர். ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்கிதையில், தவளைகள் மீண்டும் மீண்டும் கத்துவதை மழை வரும் குறிகளுள் ஒன்றாகச் சேர்த்தார். நிலத்தடி நீர் காணும் இயலில், தோண்டும்போது இன்ன ஆழத்தில் தவளை தென்பட்டால் கீழே நீருண்டு என்றும் எழுதினார். சிகாகோ சமயப் பேரவையில் 1893 செப்டம்பர் 15 அன்று சுவாமி விவேகானந்தர் கூறிய கிணற்றுத் தவளைக் கதை உலகறிந்தது. வேதம் முதல் விவேகானந்தர் வரை இவ்வுயிரைக் கேட்டும் கண்டும் பழகிய நாடு இது.

மழை வேண்டிய மணங்கள்

ஏட்டறிவு இல்லாத உழவரும் தவளையை மறந்தாரில்லை. அசாமில் மழை தாமதமாகும்போது ஊர்கூடித் தவளைக்கு மணம் செய்விக்கின்றனர். ‘பேகுலி பியா’ என்பது அதன் பெயர். மணமக்களை நீராட்டி, பாட்டுப் பாடி, விருந்திட்டுப் பின் நீரில் விடுவர். தெலுங்கு நாட்டில் ‘கப்பத் தல்லி’ என்னும் வழக்கம் உண்டு. தவளையைக் கழியில் கட்டி வேப்பிலை சூட்டி வீடுவீடாகக் கொண்டு செல்ல, இல்லத்தரசியர் அதன்மேல் குடநீரை ஊற்றுவர். அண்டை நாடாகிய நேபாளத்தில் நேவார் உழவர்கள், நாம் ஆவணி அவிட்டம் கொண்டாடும் முழுநிலா நாளில், நாற்று நட்ட வயலில் தவளைகளுக்குச் சோறு படைக்கின்றனர். மழை வந்தபின் நன்றி கூறும் வழக்கம் இது. உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் ஓயல் என்னும் ஊரில், கல்லால் அமைந்த பெருந்தவளையின் முதுகின்மேல் சிவன் கோயிலொன்று நிற்கின்றது.

இவ்வழக்கங்கள் பழங்கதை ஆகிவிடவில்லை. 2019ஆம் ஆண்டு போபாலில் மழை வேண்டித் தவளை மணம் நடத்தினர். பின்னர் மழை அளவுக்கு மிஞ்சிப் பெய்து வெள்ளம் பெருகவே, செப்டம்பரில் அம்மணத்தை முறித்துவைத்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. படித்தவர் நகைக்கலாம். ஆயினும் மழையின்மைக்கும் மிகைமழைக்கும் ஒரு தவளையிடம் முறையிட்ட மக்கள், அவ்வுயிர் தம் வயலில் இருக்க வேண்டும் என்பதையாவது மறவாதிருந்தனர்.

பெயரும் விலையும்

இனி வேறொரு காலத்துக்கு வருகின்றோம். ஐரோப்பியர் இந்நாட்டு உயிர்களைத் திரட்டிச் சாராயத்தில் இட்டுப் பெயர் சூட்டத் தொடங்கினர். வங்காளத்திலிருந்து கிடைத்த பெருந்தவளைக்கு, அதன் வரிகளைக் கண்டு, புலியின் பெயரைச் சேர்த்து 1802இல் பெயரிட்டவர் தௌதேன் என்னும் பிரெஞ்சுக்காரர். நம் புதுச்சேரியிலிருந்து கிடைத்த பச்சைத் தவளைக்கு ‘ஆறு விரலுடையது’ என்னும் பொருளில் 1834இல் பெயரிட்டவர் லெசோன் என்னும் மற்றொரு பிரெஞ்சுக்காரர். இவ்விரு தவளைகளின் பின்னங்கால்களே நூற்றைம்பது ஆண்டுகளுக்குள் பிரெஞ்சு விருந்து மேசைகளுக்குக் கப்பலேறின என்பது வரலாற்றின் விந்தை.

விடுதலைக்குப் பின் அந்நியச் செலாவணி நாட்டின் பெருந்தேவையாயிற்று. 1950களில் கடலுணவைப் பனியில் உறையவைத்து அனுப்பும் தொழில் வளர்ந்தபோது, அதனோடு தவளைக் கால்களின் ஏற்றுமதியும் வளர்ந்தது. அமெரிக்கா, பிரான்சு, பெல்சியம், நெதர்லாந்து முதலிய நாடுகள் வாங்கின. கேரளம், தமிழகம், ஆந்திரம், வங்காளம் எனப் பல மாநிலங்களிலும் தவளைகள் பிடிக்கப்பட்டன. 1980களின் தொடக்கத்தில் ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 டன் அளவை எட்டியது. கோப்பில் அது ஓர் எண். கோப்புகளோடு பழகிய என் போன்ற எழுத்தர்க்கு அந்த எண்ணை உயிர்க்கணக்காக மாற்றிப் பார்க்கும் ஆவல் எழுகின்றது. ஒரு கிலோ கால்களுக்குப் பதினைந்து தவளை என்று குறைத்தே மதிப்பிட்டாலும் ஆண்டொன்றுக்கு ஆறு கோடித் தவளைகள் ஆகின்றன. காலை வெட்டியெடுத்தபின் எஞ்சிய உடல் குப்பைக்குப் போயிற்று.

பிடித்த முறையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மழைக்கால இரவில், விளக்கும் சாக்குப் பையும் கொண்டு வயலில் இறங்குவர். குரல் வரும் திசையை நோக்கி நடப்பர். விளக்கொளி கண்ணில் பட்டதும் தவளை அசையாது அமர்ந்துவிடும். கையால் எடுத்துப் பையில் இடுவர். முட்டையிடக் கூடிய இரவிலேயே, இணையை அழைத்த குரலாலேயே, அவை அகப்பட்டன. ‘நுணலும் தன் வாயால் கெடும்’ என்று நம் முன்னோர் ஓரிரு தவளைகளைக் கண்டு சொன்னது கோடிக்கணக்கில் மெய்யாயிற்று. பிடித்தவரை நான் பழிக்கவில்லை. வேறு வேலை அற்ற மழைக்கால இரவில் சில ரூபாய் ஈட்டிய ஏழைகள் அவர்கள். வயலில் பயிரை உண்ணும் பூச்சியைத் தவளை உண்ணுகின்றது. தவளை குறைந்தால் பூச்சிமருந்துச் செலவு கூடும் என்னும் கணக்கை யார் பேரேட்டிலும் எழுதவில்லை.

எழுதியவர் சிலர் உண்டு. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த ஹுமாயூன் அப்துலலி, 1985இல் அக்கழகத்தின் இதழில் இவ்வேற்றுமதியைப் பற்றி விரிவாக எழுதினார். அதே ஆண்டில், அருகிவரும் உயிர்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில், புலிப் பெயர் பூண்ட பெருந்தவளையும் புதுச்சேரிப் பெயர்க்குரிய பச்சைத் தவளையும் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்திய அரசு தவளைக் கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. அந்நியச் செலாவணிக்குத் தவித்த நாடு, அது தந்த ஒரு வரவைத் தானே முன்வந்து நிறுத்தியது. நம் அரசு எடுத்த நல்ல முடிவுகளுள் இது ஒன்றென்று துணிந்து கூறலாம். வாணிகம் நின்றுவிடவில்லை, இந்தோனேசியா முதன்மை ஏற்றுமதி நாடாயிற்று. கோவாவில் மழைக்காலத்தில் திருட்டுத்தனமாகப் பிடிப்போரை வனத்துறையினர் இன்னும் தேடிப் பிடித்து வருகின்றனர்.

கல்லூரிகளிலும் ஒரு மாற்றம் நேர்ந்தது. விலங்கியல் பயின்ற நண்பர்கள் மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி அறுத்த நாளை மறந்திரார். பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் இவ்வறுவைப் பயிற்சியைக் குறைக்க வழிகாட்டி, 2014இல் அதனைக் கைவிடப் பணித்தது. எடை போடுவோரிடமிருந்தும் அறுப்போரிடமிருந்தும் தவளை இவ்வாறு விடுபட்டது.

இரு மழைகள், இரு நாட்காட்டிகள்

இவ்விடத்தில் நம்மைப் போன்று ஊர்விட்டு ஊர் வந்தோர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. இந்தியத் தவளைகள் அனைத்துக்கும் ஒரே மழை உரியதன்று. தென்மேற்குப் பருவமழை வழக்கமாகச் சூன் முதல் நாளில் கேரளத்தைத் தொடுகின்றது. தில்லிக்கு அது வரும் நாள் முன்பு சூன் 29 என்று கொள்ளப்பட்டது. வானிலைத் துறை 2020இல் அதனைச் சூன் 27 என்று திருத்தியது. தமிழகத்துக்கோ ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையால் கிடைக்கின்றது.

இவ்வேற்றுமை உயிர்களையே இருவேறாகப் பிரித்திருக்கின்றது. 2003இல் தில்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராகப் பின்னர்ப் புகழ்பெற்ற சத்தியபாமா தாஸ் பிஜுவும் பெல்சிய அறிஞர் பொசியும் கேரளத்து இடுக்கி மலையிலிருந்து ஒரு விந்தைத் தவளையை உலகுக்கு அறிவித்தனர். ஊதா நிறம், கூரிய மூக்கு, உப்பிய உடல். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள்ளேயே வாழ்ந்து கறையானை உண்ணும் அது, பருவமழைக்கு முன் பெய்யும் கோடை மழையில் முட்டையிட மேலே வருகின்றது. ஆண்டுக்கொருமுறை வரும் மாவேலி மன்னனின் பெயரால் மலையாளிகள் அதனை மாவேலித் தவளை என்று அழைக்கின்றனர். அதன் நெருங்கிய உறவினங்கள் கடல் கடந்து செய்செல்சுத் தீவுகளில் வாழ்கின்றன. நிலப்பரப்புகள் ஒன்றாயிருந்த பழங்காலத்து உறவுக்கு அது சான்று.

பின்னர் 2017இல், மலைத்தொடரின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்க் காட்டுப் பகுதியில், அவ்வினத்தின் உடன்பிறப்பு போன்ற மற்றொரு தவளை அறிவிக்கப்பட்டது. ஊர்வனவற்றையும் நீர்நில வாழ்வனவற்றையும் ஆராய்ந்து 2014இல் மறைந்த பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினர். இத்தமிழகத் தவளை கோடை மழைக்கு எழுவதில்லை. வடகிழக்குப் பருவமழைக்கே எழுகின்றது. மலையின் மேற்கே உள்ளது ஒரு மழையையும், கிழக்கே உள்ளது மற்றொரு மழையையும் தன் நாட்காட்டியாகக் கொண்டுவிட்டது.

நம் இல்லங்களிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்திருக்கின்றது. ஐப்பசி, கார்த்திகையே அடைமழைக் காலம் என்பது பெரியோர் அறிந்த கணக்கு. தில்லியில் பிறந்த குழந்தைக்கோ மழை என்பது ஆடியும் ஆவணியும். ஐப்பசி என்பது குளிர் தொடங்கும் வறண்ட காலம். ‘ஐப்பசியில் ஏன் பாட்டி மழை?’ என்று கேட்கும் குழந்தையை நாம் குறை கூறலாகாது. அது பிறந்த மண்ணின் மழையை அது அறிந்திருக்கின்றது. அம்மழைக்கு எழும் குரலையும் அது அறியவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சிமெண்டும் தவளையும்

அக்குரல் இங்கே உண்டா என்று ஐயுறுவோர்க்குச் சொல்வேன்: உண்டு. தேரையும், புலிப் பெயர்ப் பெருந்தவளையும், நீர்ப்பரப்பின்மேல் தத்திச் செல்லும் சிறு தவளையும் தலைநகரப் பகுதியில் வாழ்வனவே. யமுனைக் கரையிலும், பழைய குளங்களின் ஓரத்திலும், பூங்காக்களின் பள்ளங்களிலும் மழையிரவில் அவற்றைக் கேட்கலாம். பழைய அரசுக் குடியிருப்புகளில் தரைத்தள வீடுகளின் பின்புறம் மண் தரையும் கொய்யா மரமும் இருந்த இடங்களில் தேரை ஒரு வீட்டு உறுப்பினர் போலவே வாழ்ந்தது. மாலையில் விளக்கடியில் வந்தமர்ந்து பூச்சிகளைத் தின்னும். விடியுமுன் தொட்டியின் அடியில் ஒதுங்கும்.

அந்த மண் தரை இப்போது எங்கே? வண்டி நிறுத்தச் சிமெண்டு, நடைபாதைக்குச் சிமெண்டு, சேறு ஆகாதிருக்கக் கொல்லையிலும் சிமெண்டுக் கற்கள். மழைநீர் தேங்க இடமில்லாமல் சாக்கடைக்கு ஓடுகின்றது. நிலத்தடி நீர் ஆழத்துக்கு இறங்குகின்றது. மரங்களின் அடியைச் சுற்றிச் சிமெண்டு பூசியதால் அவை வாடுகின்றன என்று வழக்குத் தொடரப்பட்டு, 2013இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்றுமாறு ஆணையிட்டது. மரத்துக்கு ஒரு மீட்டர் நிலம் கிடைத்தது. தவளைக்காக வழக்காடியவர் எவருமில்லை. 1987ஆம் ஆண்டின் தடை அதன் காலைக் காத்தது. அது முட்டையிடும் பள்ளத்தைக் காக்கும் தடை எதுவும் நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

தேங்கும் நீரென்றால் கொசு வருமே என்று இல்லத்தரசியர் கேட்பர். அக்கேள்வி முற்றிலும் நியாயமானது. தில்லியில் டெங்குக் காய்ச்சல் கண்ட குடும்பங்கள் எத்தனையோ. டெங்கு பரப்பும் கொசு பெரிதும் குளிரூட்டிப் பெட்டி, தொட்டி, டயர், பூந்தட்டு போன்றவற்றில் தேங்கும் நீரிலேயே முட்டையிடுகின்றது. அவற்றை வாரந்தோறும் கவிழ்த்துத் துடைப்பது நம் கடமை. தவளைக்காக அதில் தளர்ச்சி வேண்டியதில்லை. வீட்டு வாசலில் குட்டை வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. குடியிருப்புப் பூங்காவின் தாழ்ந்த மூலையொன்றை மண்ணாகவே விட்டுவைத்தால் மழைநீரும் நிலத்துள் இறங்கும். தேரைக்கும் ஒதுங்க இடமிருக்கும். கொசுவை ஒழிக்கவென்று 1928இல் இத்தாலியிலிருந்து கம்பூசியா என்னும் சிறு மீனை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர். அம்மீன் தவளையின் முட்டையையும் இளம் தலைப்பிரட்டையையும் தின்னக் கூடியது. ஒரு தீங்கை நீக்க எடுத்த வழி மற்றோர் உயிருக்குப் பகையாகலாம் என்பதற்கு இதுவும் எடுத்துக்காட்டு.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை நம்மால் வகுக்க இயலாது. சிறிய செயல்கள் சில நம் கைக்குள் அடங்குவன. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இன்னும் ஒரு திடலுக்குச் சிமெண்டுக் கல் பதிக்க வேண்டும் என்னும் தீர்மானம் வரும்போது, ஒரு மூலையாவது மண்ணாக இருக்கட்டும் என்று ஒருவர் எழுந்து சொல்லலாம். மழையிரவில் வீட்டினுள் வழிதவறி வந்த தேரைமேல் உப்புத் தூவும் வழக்கத்தைக் கைவிடலாம். தோலால் நீர் உறிஞ்சும் உயிருக்கு உப்பு பெருந்துன்பம். முறத்தால் மெல்ல ஒதுக்கி வெளியே விட்டால் போதும். தேரை மோந்தால் தேங்காய் உள்ளீடின்றிப் போகும் என்று ஊரில் பழி சுமத்தினோம். இங்கே தென்னையும் இல்லை, அப்பழிக்கு இடமுமில்லை.

மூன்றாவது, குழந்தைகளுக்கு உரியது. இந்திய வானிலைத் துறை 1875ஆம் ஆண்டில் தொடங்கி மழையை நாள்தோறும் அளந்து எழுதி வருகின்றது. நம் வீட்டுக் குழந்தைகள் ஒரு குறிப்பேட்டில், இவ்வாண்டு முதல் தவளைக் குரல் கேட்ட நாளை எழுதி வைக்கட்டும். அடுத்த ஆண்டும் எழுதட்டும். கேட்காத ஆண்டில் ‘கேட்கவில்லை’ என்றும் எழுதட்டும். பத்தாண்டு தொடர்ந்தால் அந்தத் தெருவின் வரலாறு அதில் இருக்கும். ஐங்குறுநூற்றுத் தலைவி பள்ளங்கள்தோறும் கேட்ட ஒலியைப் பாட வகுப்பில் பொருள் கேட்டு உருப்போடுவதைவிட, யமுனைக் கரைப் பள்ளமொன்றில் தம் செவியாலேயே கேட்ட குழந்தை அப்பாட்டை எளிதில் உணரும்.

வரும் ஆடியில் முதற்பெருமழை பெய்த இரவு தொலைக்காட்சியை அணைத்துவிட்டுச் சன்னலைத் திறந்து வையுங்கள். குரல் கேட்டால் குழந்தைகளை எழுப்பிச் சொல்லுங்கள். கேட்கவில்லையாயின், மறுநாள் காலை உங்கள் தெருவில் மண் எங்கே எஞ்சியிருக்கின்றது என்று அவர்களோடு நடந்து பாருங்கள்.